ஒரே சிப், இரண்டு சட்டங்கள்: டேப்லெட்டும் மேசைக் கணினியும்

2013 மே மாதம் ஐடிசி என்ற சந்தை ஆய்வு நிறுவனம் ஒரு கணிப்பை வெளியிட்டது. டேப்லெட் விற்பனை அந்த ஆண்டிலேயே மடிக்கணினியை முந்திவிடும். 2015-இல் மடிக்கணினியையும் மேசைக் கணினியையும் சேர்த்து எண்ணினாலும் டேப்லெட்தான் அதிகமாக இருக்கும் என்றது அது. முதல் பாதி பலித்தது. இரண்டாம் பாதி இன்றுவரை பலிக்கவில்லை. டேப்லெட் விற்பனை 2014-இல் சுமார் 23 கோடி என்ற உச்சத்தைத் தொட்டுவிட்டு இறங்கத் தொடங்கியது. பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிக்கூடம் வீட்டுக்குள் வந்தபோது ஒருமுறை தலைதூக்கி, மறுபடியும் தணிந்தது. அதே நிறுவனத்தின் கணக்கில் 2023-இல் உலகச் சந்தைக்கு வந்த டேப்லெட்டுகள் ஏறத்தாழ 12.85 கோடி, கணினிகள் ஏறத்தாழ 26 கோடி.

இந்த 26 கோடியில் பெரும்பங்கு மடிக்கணினியுடையது. மேசைக் கணினியை முதலிடத்திலிருந்து இறக்கியதும் மடிக்கணினிதான். ஆப்பிளின் டேப்லெட்டான ஐபேட் பிறப்பதற்கு முன்பே, 2008-இன் பிற்பகுதியில், உலக அளவில் மடிக்கணினி விற்பனை மேசைக் கணினியைத் தாண்டிவிட்டது. அதன்பின் ரயில் டிக்கெட், வங்கிக் கணக்கு, மின்னஞ்சல் ஆகியவற்றைக் கைப்பேசி எடுத்துக்கொண்டது. இத்தனை பேர் பங்கு கேட்ட பிறகும் மேசைக் கணினி பல இடங்களில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. எந்தெந்த வேலைக்காக அது இன்னும் அங்கே இருக்கிறது என்று பார்த்தால்தான் டேப்லெட் அதை வெளியேற்றுமா என்பதற்கு விடை கிடைக்கும். பெங்களூரில் இருந்துகொண்டு இதை யோசிப்பதில் ஒரு பொருத்தம் உண்டு. தொட்டு இயக்கும் மக்கள் கணினியை ஐபேடுக்குப் பல ஆண்டுகள் முன்பே செய்து பார்த்த ஊர் இது.

அந்தக் கருவியின் பெயர் சிம்ப்யூட்டர். இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்களும் என்கோர் சாஃப்ட்வேர் என்ற பெங்களூரு நிறுவனத்தினரும் சேர்ந்து உருவாக்கி, 2001-இல் வெளியுலகுக்குக் காட்டினார்கள். விஜய் சந்துரு, சுவாமி மனோகர் போன்ற பேராசிரியர்கள் இதன் பின்னால் இருந்தார்கள். உள்ளங்கை அகலம், எழுதுகோலால் தொடும் திரை, 206 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள சிப், லினக்ஸ் இயங்குதளம். எழுத்தை இந்திய மொழிகளில் வாசித்துக் காட்டும் வசதியும் அதில் இருந்தது. ஒரு கிராமமே ஒரு கருவியைப் பகிர்ந்துகொள்ளலாம். ஒவ்வொருவரும் தமக்கான ஸ்மார்ட் கார்டைச் செருகினால் அவரவர் விவரங்கள் வந்துவிடும். வடிவமைப்பைப் பொது உரிமத்தின் கீழ் மற்றவர்களும் பயன்படுத்தத் திறந்து வைத்தார்கள். 2004-இல் பாரத் எலக்ட்ரானிக்ஸ் தயாரிப்பில் 'அமிடா' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தபோது, கருவியைச் சாய்த்தால் அதை உணரும் உணரியும் அதில் இருந்தது. ஐபோன் வருவதற்கு மூன்று ஆண்டுகள் முன்னால்!

அது சில ஆயிரம் கருவிகளுக்கு மேல் விற்கவில்லை. விலை கிராமத்தாருக்கு எட்டவில்லை. அந்தக் கிராமங்களுக்கு இணைய இணைப்பும் அப்போது போய்ச் சேரவில்லை. 2003-இல் 501 ரூபாய் முன்பணத்தில் கைப்பேசி கொடுக்கும் திட்டம் நாடெங்கும் பரவியது. சாதாரண மக்கள் முதலில் கேட்டது பேசுவதற்கான கருவியைத்தான். ஆனால் சிம்ப்யூட்டரைத் தோல்வி என்று ஒரே சொல்லில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஏழைக்கும் எழுத்தறியாதவருக்கும் கணினி வேண்டும், அது திறந்ததாகவும் இருக்க வேண்டும் என்று நினைத்தவர்கள் அதைச் செய்தார்கள். பின்னால் உலகை ஆண்ட டேப்லெட்டுகளில் அந்த இரண்டாவது எண்ணம் இல்லாமல் போயிற்று.

பெரிய நிறுவனங்களின் வரலாறும் ஒரே நேர்க்கோட்டில் போகவில்லை. 2001 நவம்பரில் பில் கேட்ஸ், ஐந்தாண்டுகளுக்குள் அமெரிக்காவில் மிக அதிகமாக விற்கும் கணினி வடிவம் டேப்லெட்டாக இருக்கும் என்றார். விண்டோஸை அப்படியே பலகையில் ஏற்றி, எழுதுகோலைக் கையில் கொடுத்தார்கள். கனமும் விலையும் கூடியது, மக்கள் வாங்கவில்லை. 2010-இல் ஆப்பிள் எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்கியது. மேக் கணினியைச் சுருக்காமல் ஐபோனைப் பெரிதாக்கியது. அதே ஆண்டு ஜூனில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு மேடையில், இனி கணினிகள் லாரிகளைப் போல் இருக்கும், தேவைப்படும் சிலர் மட்டும் வைத்துக்கொள்வார்கள் என்ற பொருளில் பேசினார். இந்திய அரசு 2011 அக்டோபரில் டெல்லியில் 'ஆகாஷ்' டேப்லெட்டை அறிமுகப்படுத்தியது: 7 அங்குலத் திரை, 256 எம்பி நினைவகம், அரசு கொடுத்த விலை ஒன்றுக்குச் சுமார் 2,276 ரூபாய். அந்தத் திரையை அழுத்தி அழுத்தித் தொட வேண்டியிருந்தது; வேகமும் போதவில்லை. மறு ஆண்டே திருத்திய பதிப்பு வந்தது, ஆனால் திட்டம் நிலைக்கவில்லை. 2012-இல் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 8-ஐ டேப்லெட்டுக்காகவே மாற்றி அமைத்து, மேசைக் கணினிக்காரர்களுக்குப் பழகிய ஸ்டார்ட் பொத்தானையும் எடுத்துவிட்டது. அடுத்த ஆண்டு அந்தப் பொத்தானைத் திருப்பி வைத்தது. தன் சர்ஃபேஸ் ஆர்டி டேப்லெட்டுகளுக்காக 90 கோடி டாலர் இழப்பையும் கணக்கில் எழுதியது.

இனி வேலை நடக்கும் இடங்களுக்குப் போவோம். சிக்பேட்டையில் மொத்த வியாபாரக் கடைகளில் கணக்கு எழுதும் தமிழர்கள் பலர் உண்டு. அவர்கள் மேசையில் இருப்பது டேலி. பெங்களூரையே தலைமையிடமாகக் கொண்ட நிறுவனத்தின் கணக்கு மென்பொருள். அதில் தேர்ந்த ஒருவரின் கை மவுஸைத் தொடுவதே அரிது. எஃப்5 தட்டினால் பணம் கொடுத்த பதிவு, எஃப்6 வரவு, எஃப்8 விற்பனை, எஃப்9 கொள்முதல். வலக்கை எண் விசைகளின் மேல் நிற்கும். கண் பில்லின் மேல் இருக்கும். திரையைப் பார்க்காமலே பதிவு ஓடும். கண்ணாடித் திரையில் விரலுக்கு எந்த அடையாளமும் தட்டுப்படாது. ஒவ்வொரு எண்ணுக்கும் கண்ணை அங்கே கொண்டுபோக வேண்டும். நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில் பில் பதிபவருக்கு இது சிறிய வேறுபாடு அல்ல, பிழைப்பே அதில்தான் இருக்கிறது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபின் இன்னொரு முடிச்சும் விழுந்தது. நிறுவனங்கள் தங்கள் மின் கையொப்பத்தை ஒரு சின்ன யுஎஸ்பி டோக்கனில் வைத்திருக்கின்றன. அதைப் படிக்கும் மென்பொருளை நிறுவ ஒரு கணினி வேண்டும். டேப்லெட்டுக்குத் தனியாக விசைப்பலகை வாங்கி மாட்டிக்கொள்ளலாம், உண்மைதான். டோக்கனுக்கு அந்த வழி உதவாது.

சுல்தான்பேட்டையில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடைகள் இன்னும் நல்ல எடுத்துக்காட்டு. பெங்களூர்த் தமிழ்க் குடும்பத்தின் பத்திரிகையில் ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் கன்னடமோ ஆங்கிலமோ இருக்கும். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோட் பரவுவதற்கு முன் தமிழ் அச்சுக்கோப்பு வளர்ந்த முறையில், ஒவ்வொரு நிறுவனமும் தன் எழுத்துருவில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்துகளை உட்கார வைத்தது. அந்த எழுத்துரு இல்லாத கருவியில் கோப்பைத் திறந்தால் பொருளற்ற ஆங்கிலக் குறிகள்தான் தெரியும். கன்னடத்துக்கு நுடி, பரஹ என்று தனி மென்பொருள்கள். பக்கம் அமைக்கப் பல கடைகள் நெடுங்காலம் பேஜ்மேக்கரையே நம்பியிருந்தன. அதன் கடைசிப் பெரும்பதிப்பு வந்தது 2001-இல். பழைய கோப்பைத் திறந்து, மணமக்கள் பெயரை மாற்றி, அரைமணியில் மாதிரி எடுத்துக் கொடுப்பவருக்கு வேண்டியது தன் எழுத்துருக்களையும் பழைய மென்பொருளையும் சேமித்த கோப்புகளையும் ஏற்றுக்கொள்ளும் ஒரு பெட்டி. ஐபேடில் எழுத்துரு நிறுவவே 2019-இல்தான் ஆப்பிள் முறையான வழி திறந்தது.

அப்படியானால் டேப்லெட்டுக்கு வலு போதவில்லையா? இந்த விளக்கத்தைப் பலர் சொல்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. வெப்பம் ஒரு வரம்புதான், அதை மறுக்க முடியாது. டேப்லெட்டின் மெல்லிய உடலில் விசிறிக்கு இடமில்லை. சில வாட் மின்சாரத்துக்கு மேல் தொடர்ந்து எரித்தால் சூடேறி, வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மேசைக் கணினியில் உயர்ரக வரைகலை அட்டை ஒன்றே 450 வாட்டுக்கு மேலும் இழுக்கும். படம் எடிட் செய்பவருக்கும் செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைத் தன் அறையிலேயே ஓட்டிப் பார்ப்பவருக்கும் இந்த இடைவெளி முக்கியம். மற்ற பெரும்பாலோருக்கு அது பொருட்டே இல்லை.

2021 ஏப்ரல் 20 அன்று ஆப்பிள் இரண்டு கருவிகளை அறிவித்தது: ஒன்று ஐமேக் என்ற மேசைக் கணினி, மற்றது ஐபேட் புரோ என்ற டேப்லெட். இரண்டுக்குள்ளும் இருந்தது எம்1 என்ற ஒரே சிப். மூளை ஒன்றுதான். ஆனால் ஐமேக்கை வாங்கியவர் தான் விரும்பிய மென்பொருளை எங்கிருந்தும் இறக்கி நிறுவலாம், தானே எழுதிய நிரலை ஓட்டலாம், இன்னொரு இயங்குதளத்தையே அதற்குள் எழுப்பலாம். ஐபேட் வாங்கியவரோ, இந்தியாவில், ஆப்பிளின் கடை அனுமதித்த செயலிகளை மட்டுமே நிறுவ முடியும். ஐபேடுக்குச் செயலி எழுதுவோரின் முதன்மைக் கருவியான எக்ஸ்கோடு ஐபேடிலேயே ஓடாது. அதற்கு ஒரு மேக் வேண்டும். டேப்லெட்டுக்கும் கணினிக்கும் உள்ள வேறுபாட்டை நான் இங்கேதான் பார்க்கிறேன். கருவி என்ன செய்யலாம் என்பதை வாங்கியவர் தீர்மானிக்கிறாரா, விற்றவர் தீர்மானிக்கிறாரா என்பதே அது. திரையின் அளவும் விசைப்பலகையும் அதற்கு அடுத்தவை.

இந்தக் கட்டுப்பாட்டுக்கு ஒரு நல்ல பக்கம் உண்டு. ஒவ்வொரு செயலியும் தன் அறைக்குள் பூட்டப்பட்டிருப்பதால் ஒன்று மற்றொன்றின் கோப்புகளைத் தொட முடியாது. விண்டோஸ் கணினியில் கண்ட இடத்தில் கிளிக் செய்து வைரஸை வரவழைத்தவர்களுக்கு அது பெரிய நிம்மதி. வயதானவர்களுக்கு நான் டேப்லெட்டைத்தான் பரிந்துரைக்கிறேன். பெங்களூரில் இரண்டு மூன்று தலைமுறையாக வாழும் தமிழர்களில் தமிழ் சரளமாகப் பேசி, எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் ஏராளம். பள்ளியில் படித்தது கன்னடமும் ஆங்கிலமும். 2017 ஆகஸ்டில் கூகுளின் குரல்வழித் தட்டச்சு தமிழுக்கு வந்தபோது, எழுத்தறியாத தமிழிலும் அவர்கள் செய்தி அனுப்ப முடிந்தது. அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் பாட்டிகள் டேப்லெட்டைப் பார்த்துப் பேசுவதை நான் மகிழ்ச்சியோடு பார்க்கிறேன். மேசைக் கணினி அவர்களுக்கு ஒருநாளும் திறக்காத கதவு அது.

டேப்லெட் உண்மையாகவே வென்ற இடங்களைத் தேடினால் அங்கெல்லாம் அதற்கு முன் இருந்தது காகிதம் என்பது தெரியும். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகள் சுமந்துபோன வரைபடங்களும் கையேடுகளும் அடங்கிய பை 35 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 16 கிலோ. 2013-இல் அந்நிறுவனம் அதன் இடத்தில் ஐபேடை வைத்து முடித்தது. உணவகத்தில் ஆர்டர் எழுதும் துண்டுச்சீட்டு, வீடு தேடிவரும் வங்கி ஊழியரின் விண்ணப்பப் படிவம், கிடங்கில் சரக்கு எண்ணும் பேரேடு, அடுக்குமாடி வாசலில் காவலர் வைத்திருந்த வருகைப் பதிவேடு எல்லாம் இப்படியே மாறின. நின்றுகொண்டு, நடந்துகொண்டு, ஒரு கையில் பிடித்தபடி செய்யும் வேலைகள் இவை. மேசைக் கணினி இந்த இடங்களில் இருந்ததே இல்லை. எனவே அதை அங்கிருந்து யாரும் அகற்றவும் இல்லை.

டேப்லெட்டைக் கணினியாக்கும் முயற்சி நடக்காமலும் இல்லை. 2015-இல் விசைப்பலகையோடு ஐபேட் புரோ வந்தது. 2019-இல் பென் டிரைவைப் படிக்கக் கற்றது. 2020 மார்ச்சில் மவுஸ் சேர்ந்தது. 2025-இல் ஒன்றின் மேல் ஒன்று அடுக்கி நகர்த்தும் சாளரங்களும் மேலே மெனுப் பட்டையும் வந்தன. 1984-இன் மேக் கணினியில் இருந்தவை இவை. கால்குலேட்டர்கூட ஐபேடுக்கு 2024-இல்தான் வந்தது என்றால் இந்தப் பயணத்தின் வேகம் புரியும். ஆண்ட்ராய்டு டேப்லெட் இந்த விஷயத்தில் தாராளமாக இருந்தது: கோப்புகளைத் திறந்து பார்க்கலாம், கடைக்கு வெளியிலிருந்தும் செயலி நிறுவலாம். ஆனால் 2025 ஆகஸ்டில் கூகுள், தன்னிடம் அடையாளத்தைப் பதிவு செய்த நிரலாளர்களின் செயலிகளை மட்டுமே நிறுவவிடும் முறையை 2026 முதல் சில நாடுகளில் தொடங்கப்போவதாக அறிவித்தது. எதிர்ப்பு வந்தபின், அனுபவமுள்ளவர்களுக்குத் தனி வழி இருக்கும் என்றது. தோற்றத்தில் டேப்லெட் கணினியை நெருங்குகிறது, உரிமையில் விலகிப் போகிறது. இந்தத் திசை எனக்குக் கவலை தருகிறது.

தொலைவிலுள்ள கணினிகளை இணையம் வழியே பயன்படுத்தும் மேகக் கணிமை வந்துவிட்டதே, இனி டேப்லெட் ஒரு சன்னலாக இருந்தால் போதாதா என்று ஐ.டி. துறை நண்பர்கள் கேட்பதுண்டு. போதும்தான். ஒயிட்ஃபீல்டில் வேலை பார்க்கும் நிரலாளர் டேப்லெட்டிலிருந்தே தொலைவிலுள்ள கணினியை இயக்கலாம். அப்போதும் அங்கே ஒரு முழுக் கணினி இருக்கிறது. அது மேசையிலிருந்து தரவு மையத்துக்குப் போய், மாத வாடகைக்கு வருகிறது. வாடகையை நிறுவனம் கட்டும்போது இது வசதி.

மாணவருக்கு வாடகை கட்ட யார் இருக்கிறார்கள்? இந்தக் கேள்விக்காகவே இத்தனையையும் எழுதுகிறேன். 2020-இல் பள்ளிகள் மூடியபோது, மர்ஃபி டவுன் போன்ற பகுதிகளில் கடன் வாங்கிப் பிள்ளைகளுக்கு டேப்லெட்டும் கைப்பேசியும் வாங்கிக் கொடுத்த பெற்றோர் பலர். பாடம் கேட்க அது போதுமானதாக இருந்தது. அந்தப் பிள்ளைகள் இப்போது மேல்நிலை வகுப்புகளுக்கும் கல்லூரிக்கும் வந்திருக்கிறார்கள். சிபிஎஸ்இ பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் பைதான் நிரலை மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தோடு இணைக்கச் சொல்கிறார்கள். பைதானை டேப்லெட்டில் எப்படியோ ஓட்டிவிடலாம். மைஎஸ்க்யூஎல் சர்வரை ஐபேடில் நிறுவ இயலாது. பள்ளி ஆய்வகத்தில் வாரத்துக்குச் சில மணி நேரம் கிடைக்கும் பிள்ளைக்கும், வீட்டில் இரவு பத்து மணிக்கு ஒரு பிழையைத் தேடிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கும் இடையில் விழும் தூரத்தை மதிப்பெண் பட்டியல் காட்டாது, வேலைக்கான நேர்காணல் காட்டிவிடும்.

தமிழக அரசு 2025 மார்ச் நிதிநிலை அறிக்கையில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி வழங்கப்படும் என்று அறிவித்தது. பிறகு அரசின் மின்னணு நிறுவனமான எல்காட் ஒப்பந்தப்புள்ளி கோரியது மடிக்கணினிக்கு. அந்த 'அல்லது' மடிக்கணினியின் பக்கம் தீர்ந்ததில் எனக்குப் பெரிய ஆறுதல். டேப்லெட் கொடுத்திருந்தால் எண்ணிக்கை அதேதான் இருந்திருக்கும், செலவும் குறைந்திருக்கும். பெற்ற மாணவர்கள் பார்ப்பவர்களாக மட்டும் நின்றிருப்பார்கள்.

பெங்களூரில் பிறந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு அந்தத் திட்டம் கிடையாது, ஆனால் எஸ்.பி. ரோடு இருக்கிறது. அலுவலகங்கள் சில ஆண்டுகள் பயன்படுத்திக் கழித்த மேசைக் கணினிகள் அங்கே பழுது பார்க்கப்பட்டு விற்பனைக்கு வருகின்றன. புது டேப்லெட்டின் விலைக்குள் திரையும் விசைப்பலகையும் சேர்த்து ஒன்றை எடுத்துவிட முடியும். ராம் போனால் ராமை மாற்றலாம், மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ் போனால் அதை மட்டும் மாற்றலாம். டேப்லெட்டில் பசை வைத்து ஒட்டிய பேட்டரி உப்பினால் கருவியே கேள்விக்குறியாகிவிடும். வாங்கும்போது ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இன்டெல் சிப் எட்டாம் தலைமுறையா, அதற்குப் பிந்தையதா? அதற்கு முந்தையவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. பழைய சிப் என்றால் விலையைக் குறைத்துப் பேசி, உபுண்டு போன்ற லினக்ஸ் ஏற்றித் தரச் சொல்லுங்கள். படிப்புக்கு அது தாராளமாகப் போதும். சுழலும் ஹார்டு டிஸ்க் இருந்தால் அதற்குப் பதில் சுழலும் பாகமில்லாத எஸ்எஸ்டி போடச் சொல்லுங்கள், மெதுவாக இருக்கிறது என்ற புகார் பெரும்பாலும் அதோடு தீரும். மழைக்காலத்து மின்வெட்டுக்கு ஒரு சிறிய யுபிஎஸ்ஸும் அவசியம். தமிழில் தட்டச்சு செய்ய உதவும் தமிழ்99 விசைப்பலகை விண்டோஸ் 11, லினக்ஸ் இரண்டிலும் கிடைக்கிறது. அமைப்புகளில் அதைச் சேர்த்துவிட்டுப் பிள்ளையிடம் கொடுங்கள்.